சீமெந்து இறுகும் நேரம்

"குளக்கட்டில நடக்கேக்க தண்ணிப் பக்கம் பாக்காத, மற்றப் பக்கம்…" மற்றப் பக்கத்தைப் பார் என்றாரா, மற்றப் பக்கமும் பாக்காத என்றாரா, பெரியப்பா சொன்னதன் பின்பாதி என்னிடம் இல்லை. ஓவர்சியராக இருந்த மனிதர், சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், வசனத்தின் முடிவு புகையோடு போய்விடும், திரும்பக் கேட்டால் தலையில் குட்டு விழும். இப்போது அவர் காவல் காத்த குளத்தின் மதகுக் கல்லில், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் சொல்லைக் கேட்டா கேட்காமலா என்று எனக்கே தெரியாமல். பின்னேர வெயில் பிடரியில் ஏறி நிற்கிறது. கல் சுடுகிறது. கையில் போன், போனில் ஒரு அம்புக்குறி, அது கட்டுக்குக் கீழே வயல் பக்கமாக நிற்கும் பாலை மரங்களில் ஒன்றைக் காட்டுகிறது. மரத்தடியில் ஒரு ஆள் குந்தியிருக்கிறார். அவர் எழும்பிப் போனால்தான் நான் இறங்கலாம். இந்த விளையாட்டின் முதல் ஒழுங்கு அது: தெரியாதவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டியில் கை வைக்கக்கூடாது, அவர்கள் போகும்வரை வேறு ஏதோ அலுவலாய் வந்தவன்போல் நிற்கவேண்டும். நான் வேறு அலுவலாய் வந்தவன்போல் கொக்குகளைப் பார்க்கிறேன், போனைக் காதில் வைத்து யாரோடும் இல்லாமல் ஓம் ஓம் என்கிறேன், செருப்பைக் கழற்றி மண் தட்டுகிறேன். அந்த ஆள் ஒரு அலுவலும் இல்லாதவர்போல் நடிக்கக்கூட இல்லை. அப்படியே இருக்கிறார். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு சாக்கு. இடைக்கிடை தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், நான் கொக்கைப் பார்க்கிறேன், கொக்கு எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இப்படி ஒரு விளையாட்டைப் பழகுவானா. ஒஸ்லோவில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மிதுலா என்னைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவாள், வேர்களுக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துச் சிரிப்பாள், உள்ளே இருக்கும் துண்டுத் தாளில் பெயர் எழுதிவிட்டு அதே இடத்தில் அதேபடி வைப்பாள், உலகம் முழுக்க இப்படி இலட்சக்கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் அப்பா, இடத்தின் ரேகைக் கணக்கை இணையத்தில் போட்டுவிடுவார்கள், யாரும் தேடலாம், ஜியோகேஷிங் என்று பெயர் என்பாள். நான் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, எடுத்ததைத் திரும்ப வைப்பதற்கு எதற்கு எடுக்கிறாய் என்று கேட்பேன். அதற்கு அவள் சொன்ன பதில் நோர்வேஜிய மொழியில் ஒரே ஒரு சொல், தமிழில் அதற்கு நான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன், 'வந்துபோனதற்காக' என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு நானும் அவளின் தாயும் பிரிந்தோம், பிறகு நான் ஊருக்கே திரும்புகிறேன் என்று முடிவெடுத்தேன், மிதுலா விமான நிலையத்துக்கு வரவில்லை. நீ எங்களிடமிருந்து ஓடுகிறாய், ஊருக்குப் போகிறதாய்ச் சொல்லாதே என்று ஒரு குறுஞ்செய்தி. அதன் பிறகு ஒன்றும் இல்லை. பிறந்தநாளுக்கு அனுப்பினால் இரண்டு நீலக்கோடு விழும், பார்த்துவிட்டாள் என்று, அவ்வளவுதான். அந்த இரண்டு நீலக்கோடுகள்தான் ஒரு வருடமாக எனக்கும் என் பிள்ளைக்கும் இடையில் நடந்த பேச்சு.

பிறகு வைகாசியில் ஏதோ ஒரு பத்திர அலுவலாகக் கதைக்கும்போது அவளின் தாய் வாய் தவறிச் சொன்னாள். நான் திரும்பி வருவதற்கு முன்னரே மிதுலா சிநேகிதியோடு இலங்கைக்கு வந்து போயிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல், என் ஊருக்கே போய், அந்தக் குளத்தடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். அவளிட்ட கேக்காதேங்கோ, நான் சொன்னதாய்த் தெரியவேண்டாம் என்றாள். கேட்கவில்லை. அன்றைக்கே செயலியை இறக்கினேன். பெயர் கேட்டது, எல்லோரும் ஓநாய் என்றும் மலையாடு என்றும் புனைபெயர் வைக்கிற இடத்தில் நான் வங்கிப் படிவம் நிரப்புகிறவன்போல முழுப்பெயரையும் எழுதினேன், குகதாசன் முத்துக்குமாரு. வரைபடம் விரிந்தது. வன்னி முழுக்க வெறும் பச்சைக் காடு, நடுவில் ஒரே ஒரு புள்ளி. அழுத்தினால் நோர்வேஜிய மொழியில் மூன்று வரி. 'அப்பா சைக்கிள் பழகிய குளக்கட்டு இது. பெட்டிக்குள் அவருக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். மற்றவர்கள் பார்க்கலாம், எடுக்க வேண்டாம்.' கீழே ஒரு படம், மரத்தடியில் குவித்த கற்கள், அதன் மேல் ஒரு வெள்ளைச் சிப்பி. அதற்கும் கீழே, கண்டுபிடித்தவர்களின் குறிப்புகள். ஒரு ஒல்லாந்துத் தம்பதி: 'சுலபமாகக் கிடைத்தது, வெயில்தான் பொல்லாதது, நன்றி.' ஒரு ஜெர்மன்காரன்: 'உள்ளே இருப்பதைப் பார்த்தோம். மிக அழகு. அந்த அப்பா சீக்கிரம் வருவாரென்று நம்புகிறோம்.' அந்த வரியை எத்தனை தரம் படித்தேனோ. ஒல்லாந்துக்காரருக்குத் தெரியும். ஜெர்மன்காரனுக்குத் தெரியும். என் பிள்ளை எனக்கு வைத்தது என்ன என்று தெரியாதவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். எனக்கு அதை நேரே தந்தால் என்ன, தபாலில் அனுப்பினால் என்ன, இப்படி ஊர் உலகமெல்லாம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்படி ஒரு மரத்தடியில் வைக்கவேண்டுமா. அவள் தாயின் பிள்ளை. இல்லை, தாய் நேரே தந்திருப்பாள், முகத்தில் எறிந்தாவது தந்திருப்பாள். ஒளித்து வைக்கிற குணம் என்னுடையது.

உடனே ஓடி வரவில்லை. பழகினேன். நான் திரும்பி வந்து இருக்கிற யாழ்ப்பாணத்தில் கோட்டைப் பக்கம் இரண்டு பெட்டிகள் இருந்தன, சுற்றுலாக்காரர் வைத்தவை. முதலாவதில் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுற்றிச்சுற்றி வந்தேன், போன் இங்கே என்கிறது, இரண்டடி வைத்தால் அங்கே என்கிறது, மதிலுக்கு அந்தப்பக்கம் என்கிறது. கிட்ட வந்துவிட்டால் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடவேண்டும் என்பதை அப்படித்தான் படித்தேன். ஒளித்தவன் எங்கே ஒளித்திருப்பான் என்று அவனாக நின்று யோசிக்கவேண்டும். மண்ணைக் கிண்டக்கூடாது, இது புதைக்கிற விளையாட்டு இல்லை, ஒளிக்கிற விளையாட்டு. சொந்தப் பேனை கொண்டுபோகவேண்டும். இரண்டாவது பெட்டி இருக்கவேண்டிய மதில் பொந்து வெறுமையாய்க் கிடந்தது, அப்போதுதான் செயலியில் மூன்று தெரிவுகள் இருப்பதைக் கண்டேன்: கண்டுபிடித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை, பெட்டி இங்கே இல்லை. மூன்றாவதை அழுத்தினால் வைத்தவருக்குச் செய்தி போகும், யார் எழுதியது என்ற பெயரோடு. வைத்தவர் கவனிக்காவிட்டால் கொஞ்ச நாளில் புள்ளி வரைபடத்திலிருந்து போய்விடும். நான் அழுத்தினேன், போய்விட்டது. ஒரு இடம் உலகத்திலிருந்து கழன்றுபோவது இவ்வளவு சுலபமா என்று அன்று கொஞ்சம் திகைப்பாக இருந்தது. இன்று காலையில் பஸ் ஏறும்போது நினைத்தேன், 'கண்டுபிடித்தேன்' என்று மட்டும் எழுதுவேன், வேறு ஒரு சொல்லும் இல்லை. என் பெயர் அவளுடைய போனில் விழும். அவள் பெட்டி வைத்த குளத்தடியில் நான் நின்றேன் என்று தெரியும். நீலக்கோட்டுக்கு அப்பால் ஏதாவது வரும், வசையென்றாலும் சரி.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் இறங்கி, அடையாளம் மாறிப்போன ஊரில் வழி கேட்டபோதே காரியம் பிழைத்துவிட்டது. குளத்தடிக்கு என்ன அலுவல் என்றார்கள். சும்மா பார்க்க என்றேன். வெளிநாட்டில இருந்து வாறவை இப்ப எல்லாரும் சும்மா பாக்கத்தான் வருகினம், நிலத்தைப் பாத்துக்கொண்டே நடப்பினம் என்றான் கடைக்காரன். ஒருவன் என் முதுகுப்பையைத் தட்டிப் பார்த்து, மிசின் உள்ளுக்கோ அண்ணை, எத்தினை அடிக்குக் கீழ காட்டும் என்றான். சிரித்தார்கள். போர் முடிகிற நேரம் இயக்கம் மண்ணுக்குள் தாட்ட தங்கம் என்று ஒரு கதை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது, மனிதரைவிடக் கதைக்கு ஆயுசு கூட. பங்கு தாறதெண்டால் மண்வெட்டியோட வாறன் என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன், ஆனால் நடக்கும்போது முதுகு முழுக்கக் கண்கள். அப்படியானால் மரத்தடியில் இருப்பவரும் அதற்குத்தான் இருக்கிறார். நான் எந்த இடத்தைத் தொடுகிறேன் என்று பார்க்க. நான் போனதும் கிண்ட. கிண்டினால் கற்கள் போகும், பெட்டி போகும், தங்கம் இல்லாத கோபத்தில் உள்ளே இருப்பதை எறிவான், மிதுலா வைத்தது வாய்க்காலில் கிடக்கும். என்னவாய் இருக்கும் அது. சின்ன வயதில் நான் வாங்கிக்கொடுத்த ஒற்றைத் தோடா, அவள் வரைந்த படமா, அழகு என்று எழுதியிருக்கிறான் ஜெர்மன்காரன், அவர்களுக்கு எல்லாமே அழகுதான், மழையும் அழகு, மண் சட்டியும் அழகு. பல்லா. அவளுடைய முதல் பால்பல்லை நான் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தேன், வீடு பிரிக்கும்போது காணாமல் போய்விட்டது என்று நினைத்தேன். தீப்பெட்டியை அவள் எடுத்திருப்பாளா. பல் அழகா. முழங்கால் வலிக்கிறது. மதகுக் கல்லில் சிற்றெறும்பு ஏறுகிறது. பெரியப்பா மற்றப் பக்கத்தை என்ன சொன்னார்.

"தம்பி, மேல நிண்டு கொக்குப் பாத்தது காணும். இறங்கி வாங்கோ."

குரலில் கோபம் இல்லை, அலுப்பு. இறங்கினேன், வேறு வழி இல்லை. கட்டின் சரிவில் கால் வழுக்கி ஒரு தரம் கையூன்றி எழும்பினேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்ததும் முதலில் தெரிந்தது வாளியோ சாக்கோ இல்லை, அவருக்குப் பின்னால் மரத்தோடு ஒட்டி ஒரு சாம்பல் நிறத் திட்டு, சின்னக் கட்டில் அளவு, மேல்பக்கம் கரண்டி இழுத்த வரிகள், பச்சைச் சீமெந்தின் வாசம். அதன் நடுவில், பாதி உள்ளே அமர்ந்தபடி, வெள்ளைச் சிப்பி. போனைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. போன் சட்டைப்பையில் ஒரு தரம் அதிர்ந்தது, வந்து சேர்ந்துவிட்டாய் என்று சொல்வதற்கு.

கிண்ட வந்தனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம் என்றார். ரெண்டு மூண்டு தரம் ஆரோ வந்து கல்லைக் கிளப்பிப்போட்டு ஒழுங்கில்லாமல் வைச்சிட்டுப் போயிருக்கினம், தங்கம் தேடுற நாயள், அதுதான் இண்டைக்கு விடியப் பூசிப்போட்டன், மாடு உழக்காமல் இறுகுமட்டும் காவல் இருக்கிறன், நீங்கள் மதகில இருந்து பாக்கேக்க இந்தாள் போகட்டும் எண்டு நிக்கிறது எனக்கு விளங்கினது. பிறகு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். ஆற்ற மோன் என்றார். சொன்னேன். ஓவர்சியற்ற பெறாமகனோ, சைக்கிளோட வாய்க்காலுக்க விழுந்து மூக்கு உடைச்ச பொடியன்? அது நான்தான். அவர் முகம் தளர்ந்தது. தன் பெயர் வேலும்மயிலும், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வயல், உங்கட பெரியப்பாவிட்ட தண்ணிக்குச் சண்டை பிடிக்காத நாள் இல்லை என்றார். சாக்கை உதறி விரித்து, இருங்கோ என்றார். இருந்தேன். சீமெந்தும் நானும் அவரும்.

"இஞ்ச தங்கம் இல்லைத் தம்பி. இஞ்ச கிடக்கிறது என்ர மனுசி."

அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேனா, அதற்குள் போய்விட்டேனா. கடைசி இடப்பெயர்வில் இந்தக் கட்டோரத்தில் ஒரு இரவு தங்கினார்களாம். செல் விழுந்து வெடித்ததில் மனுசி போய்விட்டாள். இராசமலர் என்று பெயர், கடற்கரைப் பக்கத்துப் பெண், கல்யாணம் முடித்து இந்த வயல் நாட்டுக்கு வந்தவள், உப்புக்காற்று இல்லாமல் மூச்சு முட்டுது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவளாம். பங்கருக்குள்ளேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு இளவட்டம் தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து கை கொடுத்திருக்கிறான், பேர்கூடக் கேட்கவில்லை. அண்ணை, கல்லு வைக்கவேணும், பிறகு இடம் தெரியாது என்றானாம். நேரமில்லை என்று இவர் நடந்துவிட்டார். அகதி முகாமிலிருந்து திரும்பி வர விட்டபோது இங்கே ராணுவ முகாம், அது எழும்பிப் போனபோது எல்லாம் டோசர் போட்டு மட்டம். பாலை மரங்கள் மட்டும் ஏழெட்டு மிஞ்சி நின்றன, எந்தப் பாலை என்று தெரியாது. வருசக்கணக்காக ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருநாள் கற்பூரம் கொளுத்துவாராம், பிழையான மரமெண்டாலும் பக்கத்தில கிடக்கிறவளுக்கு மணக்கும்தானே என்று. அப்படி இருக்கையில் ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒருநாள் மாடு பார்க்க வந்தால், இந்த மரத்தடியில் கல் குவித்திருக்கிறது. மேலே சிப்பி.

"கல்லு வைக்கவேணும் எண்டவன் வந்து வைச்சிட்டுப் போயிருக்கிறான். சிப்பி வைக்க அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ. அண்டைக்குத்தான் தம்பி எனக்குத் தெரிஞ்சது, அந்தப் பொடியன் உயிரோட இருக்கிறான் எண்டு."

கல்லைத் தூக்கிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். என்னத்துக்குத் தூக்குவான், அவன் வைச்சபடி கிடக்கட்டும், கிடந்தபடியே மேலால பூசினனான் என்றார்.

என் வாய் திறந்தது, திறந்ததை நான் உணர்ந்தேன், உள்ளே சொல் தயாராக இருந்தது: ஐயா, அது என் பிள்ளை வைத்த கல். சிப்பியை அவள் நீர்கொழும்பிலோ எங்கோ பொறுக்கியிருப்பாள். அது ஒரு விளையாட்டு. விளையாட்டு என்ற சொல்லை எப்படிச் சொல்வது. வெள்ளைக்காரர் ஓய்வு நாளில் செய்கிற பொழுதுபோக்கு, ஒளித்து வைப்பார்கள், தேடி எடுப்பார்கள், பிறகு நன்றி என்று எழுதுவார்கள். இதைத் தமிழில் சொல்லச் சொல்ல அது அசிங்கமாகிறது, நோர்வேஜிய மொழியில் அது காட்டு வாசமும் குளிர்ந்த கையும் சிரிப்புமாக இருந்ததே. வாயை மூடினேன். உடனே கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம், பிறகு தெரிந்தது, எல்லோர்மேலும். இந்த மனிதன்மேல், ஏழெட்டு மரத்தில் என் பிள்ளை தொட்ட மரத்தைத்தான் பிடிக்கவேண்டுமா. மிதுலாமேல், இந்த நாட்டில் கல்லின் மேல் கல் வைத்தால் அதற்குக் கீழே யாரோ கிடக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்காது, அவளுக்கு மண் என்றால் மண், பனி என்றால் பனி, அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கத்தானே நான் அவ்வளவு தூரம் போனேன், அதில் மட்டும் வென்றுவிட்டேன். என்மேல் கோபப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை, அது வழக்கமாக இரவில்தான் வரும். இன்று விடியப் பூசினேன் என்கிறார். நேற்று வந்திருந்தால். நேற்று பஸ் நிலையம்வரை வந்துவிட்டு, தலையிடி என்று திரும்பினேன். தலையிடி உண்மைதான். உண்மையான தலையிடிகள்தான் என் வாழ்க்கையில் எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கின்றன.

வேலும்மயிலும் எழும்பினார். சீமெந்து காயுது, தண்ணி தெளிக்காட்டி வெடிச்சுப்போகும் என்றார். வாளியைத் தூக்கினார். குளக்கட்டில் ஏறித் தண்ணீர்ப் பக்கம் போய்வர வேண்டும், முழங்கால் அவருக்கும் சரியில்லை என்பது எழும்பின விதத்தில் தெரிந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வந்தேன், அதற்குள் சொல்லிவிட்டார்.

"மாடு கிட்ட வராமல் பாத்துக்கொள்ளுங்கோ தம்பி. நீங்கள் இருக்கிறபடியால்தான் நிம்மதியாப் போறன்."

போகிறார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டின் சரிவில் பக்கவாட்டாக ஏறுகிறார். உச்சியில் ஒரு கணம் நிற்கிறார், பிறகு தலை மட்டும் தெரிகிறது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார். நான் மற்றப் பக்கத்தில். இப்போது ஒருவரும் பார்க்கவில்லை. இந்த விளையாட்டில் காத்திருந்தது இந்தக் கணத்துக்குத்தான், தெரியாதவர் போய்விட்டார், சுற்றிலும் வயல், எடுக்கலாம். அவர் பூசிய கரண்டி, சாந்தகப்பை, சாக்கின் ஓரத்தில் கிடக்கிறது, பிடியில் சீமெந்து ஒட்டியிருக்கிறது. விரலால் திட்டின் விளிம்பைத் தொடுகிறேன், அமுங்குகிறது, உள்ளே இன்னும் பச்சை. விளிம்பில் மரத்தோடு ஒட்டிய இடம். அங்கேதான் வேர்ப் பொந்து, பெட்டி அங்கேதான் இருக்கும், நான் ஒளித்தால் அங்கேதான் ஒளிப்பேன், அவள் என் பிள்ளை. கையளவு இடம். கப்பையை விட்டு ஒரு நெம்பு, ஒரு கல், பெட்டி, திறந்து அந்த ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, கல்லைத் தள்ளி, கப்பையால் இழுத்து மெழுகிவிட்டால் அவர் வரும்போது வரி கொஞ்சம் மாறியிருக்கும். மாடு வந்தது என்று சொல்லலாம். அவர் திரும்பப் பூசுவார். ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை, மனுசியும் இருப்பாள், பொடியனும் உயிரோடு இருப்பான், எனக்கும் என் பிள்ளை தந்தது கிடைக்கும். கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது. நாளை இது கல். நாளை உடைக்க வேண்டுமென்றால் சுத்தியல் வேண்டும், இன்று ஒரு கை போதும். கப்பை கையில் இருக்கிறது, எப்போது எடுத்தேன் தெரியவில்லை, கனமில்லை, பிடி இன்னும் ஈரம்.

கடையில் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல், மண்வெட்டியோட வாறன். நிலத்தைப் பாத்துக்கொண்டே நடப்பினம். கப்பை முனை சீமெந்தில் படுகிறது, ஒரு சின்னக் கீறல், என் கீறல். அதன் கீழே இருப்பது பால்பல்லாக இருக்கலாம். தோடாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அந்த ஜெர்மன்காரனோ அவனுக்குப் பிறகு வந்த எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், நான் இவ்வளவு காலமும் அழுதுகொண்டிருப்பது வெறும் டப்பாவுக்காக இருக்கலாம். அதற்குக் கீழே, இன்னும் கீழே, அல்லது பக்கத்து மரத்தடியில், அல்லது டோசர் தள்ளிய மண்ணோடு எங்கோ, கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கிண்டக்கூடாது, இது புதைக்கிற விளையாட்டு இல்லை என்று செயலியின் விதிகளில் எழுதியிருந்தது, எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ, புதைக்கத் தேவைப்படாத நாடு. எனக்கு என்ன வைத்தாய் பிள்ளை. வந்து எடு என்று வைத்தாயா, வரமாட்டான் என்று காட்ட வைத்தாயா. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்குள்ள ஒரே வழி என் விரலுக்குக் கீழே இறுகிக்கொண்டிருக்கிறது. புள்ளி வரைபடத்தில் இருக்கும்வரை இன்னும் வருவார்கள். வெயில் பொல்லாதது என்று எழுதுவார்கள். சீமெந்தைக் கண்டு திரும்புகிறவனும் இருப்பான், மறைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு ஒரு கல்லால் தட்டிப் பார்க்கிறவனும் இருப்பான், கெட்டித்தனமான ஒளிப்பு, பாராட்டுகள் என்று நட்சத்திரம் போடுவான். இவர் ஒவ்வொரு பின்னேரமும் இங்கே குந்தியிருப்பார், முழங்காலோடு.

கட்டின் மேல் முதலில் வாளியின் சத்தம் கேட்கிறது, பிறகு தலை. தண்ணீர் தளும்பாமல் வர ஒரு பக்கம் சரிந்து நடக்கிறார். உச்சியில் நின்று என்னைப் பார்க்கிறார். அந்த நடையைப் பார்க்கும்போது பெரியப்பாவின் வசனத்தின் பின்பாதி வந்துவிட்டதுபோல் இருந்தது, மற்றப் பக்கத்தைப் பார், கசிவு அங்காலதான் தெரியும். அவர் அப்படித்தான் சொன்னாரா, எனக்குத் தேவைப்பட்டதால் நான் செய்துகொண்டேனா. கல்லைக் கண்டவுடன் பொடியன் வந்துபோனதாய்ச் செய்துகொண்ட இவரைப்போல. கப்பையின் பின்பக்கத்தால் கீறலை ஒரு தரம் இழுத்து மெழுகினேன், அது போய்விட்டது. கப்பையைச் சாக்கில் வைத்தேன். மாடு வந்ததோ என்று மேலிருந்தே கேட்டார். இல்லை என்றேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அவர் இறங்கி வந்து, வாளிக்குள் கையை விட்டு, சிப்பியில் விழாதபடி தண்ணீரைத் தெளிக்கத் தொடங்கினார். திரையில் மூன்று தெரிவுகள் இருந்தன. நான் மூன்றாவதை அழுத்தி, 'பெட்டி இங்கே இல்லை, இனி ஒருவரும் தேடி வரவேண்டாம்' என்று எழுதி, என் முழுப்பெயரோடு அனுப்பினேன்.